மார்பக ஆபரேஷனுக்கு முன்பே கட்டிலை ரெடி பண்ணுங்கள்! தாத்தாவின் ஈஸி சேரை ஏன் நம்பக் கூடாது?

(திரையில்: விரிப்பு போட்ட கட்டில். மேலே ஐந்து தலையணைகள்.)

இந்த ஐந்து தலையணைகளும் ஒரே ஆளுக்கு. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரப்போகிற ஒரு அக்காவுக்கு. வலிக்கு மாத்திரை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எப்படிப் படுப்பது, எப்படி எழுந்திருப்பது என்ற கேள்வி மட்டும் வீட்டில் ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் வரும். அந்த நேரத்தில் யார் தலையணை தேடி ஓடுவது? அதனால் இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முந்தின வாரமே செய்துவிட வேண்டும். ஈஸி சேர் விஷயம் நடுவில் வருகிறது, ஓட்டாமல் பாருங்கள்.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். இந்தியப் பெண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோய் இதுதான். சிலருக்குக் கட்டியை மட்டும் எடுப்பார்கள், சிலருக்கு மார்பகம் முழுவதையும். அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுப்பதுண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் மார்புத் தசையையே வெட்டி எடுத்தார்கள், இப்போது அது அபூர்வம். போதும், கட்டிலுக்கு வருவோம்.

(திரையில்: தலையணைகளை ஒவ்வொன்றாக அடுக்குவது.)

முதல் சில வாரங்களுக்கு மல்லாந்துதான் படுக்க வேண்டும். அதுவும் தட்டையாக இல்லை. முதுகும் தலையும் 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்திருந்தால் வீக்கம் குறையும், எழுந்திருப்பதும் சுலபம். இங்கேதான் பல வீடுகளில் தப்பு நடக்கிறது. இரண்டு தலையணையையும் தலைக்கு அடியிலேயே திணித்துவிடுகிறார்கள். தாடை போய் நெஞ்சில் இடிக்கிறது, காலையில் கழுத்துப் பிடிப்பு தனியாக வருகிறது. கீழே வைக்கிற தலையணை இடுப்புக்கு மேலே தொடங்கி முதுகைத் தாங்க வேண்டும். இரண்டாவது, தோளிலிருந்து தலை வரை. பார்த்தால் ஒரு சரிவு மாதிரி தெரிய வேண்டும், படிக்கட்டு மாதிரி இல்லை.

மூன்றாவது முழங்காலுக்கு அடியில். இது இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க உடம்பு கீழே வழுக்கிக்கொண்டே வரும், இடுப்பும் வலிக்கும். நான்காவது, ஆபரேஷன் ஆன பக்கத்துக் கைக்கு. முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை தாங்கி, கை நெஞ்சு உயரத்துக்கோ கொஞ்சம் மேலாகவோ இருக்கட்டும். கை கீழே தொங்கினால் தையல் இழுக்கும், நீரும் கோக்கும். ஐந்தாவது சின்னது. இருமல், தும்மல் வரும்போது நெஞ்சோடு மெதுவாக அணைத்துக்கொள்ள. காரில் வரும்போது சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைக்கவும் இதுதான். குடியாத்தம் பக்கம் போகிறவர்களுக்கு வழியில் எத்தனை வேகத்தடை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் ஓட்டு இலவம் பஞ்சுக்குத்தான். ஃபோம் தலையணை நழுவுகிறது, நம் ஊர் வெயிலுக்குச் சூடும் ஏறுகிறது. ஆனால் பரணில் கிடக்கிற பழைய இலவம் பஞ்சு வேண்டாம், அது கட்டி கட்டியாகத்தான் இருக்கும். பஞ்சு அடித்துப் புதிதாக நிரப்பச் சொல்லுங்கள்.

சரி, ஈஸி சேர். வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாம் சாய்வு சோபா வாங்கச் சொல்வார்கள். உடனே நம் வீட்டில் யாராவது, "அதான் தாத்தாவோட ஈஸி சேர் இருக்கே!" என்பார்கள். சாய்வு சரியாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எழுந்து பாருங்கள்! துணியில் உடம்பு குழிந்து உட்கார்ந்துவிடும். இரண்டு கையையும் மரச்சட்டத்தில் ஊன்றி உந்தாமல் யாராலும் எழ முடியாது. அந்த உந்துதலைத்தான் இப்போது செய்யக் கூடாது. தரையில் பாய் போட்டுப் படுப்பதற்கும், தொய்ந்த கயிற்றுக் கட்டிலுக்கும் இதே கதைதான்.

அதனால் ஒரு சோதனை. இன்றைக்கே, வலி எதுவும் இல்லாதபோதே செய்யுங்கள். இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, படுக்கப்போகிற இடத்திலிருந்து எழுந்து பாருங்கள். முடியவில்லையா? அந்த இடம் அந்த நாட்களுக்கு ஆகாது. மெத்தையை உயர்த்துங்கள், அல்லது கட்டிலின் கால்மாட்டில் ஒரு பழைய புடவையை இறுக்கிக் கட்டி, நல்ல கையால் பிடித்து எழப் பழகுங்கள்.

நம் வீட்டில் பாட்டிகள் "வலது பக்கமாத் திரும்பி எழுந்திரு" என்பார்கள். ஆபரேஷன் வலது பக்கம் என்றால் பாட்டியிடம் கொஞ்ச நாளைக்கு லீவு வாங்கிக்கொண்டு இடது பக்கமாக எழுந்திருங்கள். நல்ல பக்கம் திரும்பி, காலைக் கீழே விட்டு, நல்ல கையை ஊன்றி எழ வேண்டும். கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்பதும் இதை வைத்துத்தான்.

(திரையில்: கையில் ஒரு சுருக்குப்பை.)

எனக்குப் பிடித்த பொருள் இது! தையலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு டியூப் வெளியே வரும், முனையில் நீர் சேருகிற டப்பா. பலரை அதோடுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். படுக்கையில் புரளும்போது அது சிக்கினால் வலியில் உயிர் போகிற மாதிரி இருக்கும். பாட்டி வெற்றிலை பாக்கு வைத்திருக்கும் சுருக்குப்பையைக் கொஞ்சம் பெரிதாகத் தைத்து, நீளக் கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள், டப்பா அதற்குள் உட்கார்ந்துவிடும். டப்பா நெஞ்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும். படுக்கும் முன் நர்ஸ் காட்டியபடி நீரை அளந்து, எழுதிவைத்துக் காலி செய்துவிடுங்கள். 24 மணி நேரத்தில் வருவது 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் டியூபை எடுப்பது பல டாக்டர்களின் வழக்கம். அதனால் அந்த நோட்டு முக்கியம். முன்பக்கம் பட்டன் வைத்த பருத்தி நைட்டி இரண்டு மூன்று எடுத்துவையுங்கள். தலை வழியாக மாட்டுவது வேண்டாம். கத்திரி வெயிலில் ஆபரேஷன் என்றால் கரண்ட் போகிற நேரத்துக்கு விசிறியும்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டியே சொல்லாததால் பயந்துபோகிற விஷயம். எடுத்துவிட்ட மார்பகம் ராத்திரியில் அரிக்கிற மாதிரி, அங்கேயே இருக்கிற மாதிரி தோன்றலாம். பேயும் இல்லை, மனக்கோளாறும் இல்லை. மூளையில் அந்த இடத்துக்கான உணர்வு அப்படியே இருக்கிறது. மேல்கையின் உட்புறம் மரத்துப்போவதும் சுருக்கென்று குத்துவதும் உண்டு, அங்கே ஓடுகிற நரம்பின் வேலை அது.

வலி மாத்திரையை டாக்டர் சொன்ன நேரக் கணக்கை மீறாமல், ஒரு வேளை படுக்கும் முன் வருகிற மாதிரி கேட்டு வாங்குங்கள். சில வலி மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும், தண்ணீர் நிறையக் குடியுங்கள். முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்பது கதை. புண் ஆறப் புரதம்தான் வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர்க் குடம், மாவு வாளி, கேஸ் சிலிண்டர் எல்லாம் இனிக் கொஞ்ச நாளைக்கு உங்கள் இலாகா அண்ணா. தூக்கத்தில் உதைக்கிற குழந்தையை உங்கள் பக்கம் படுக்க வையுங்கள். ஹார்லிக்ஸோடு வந்து ஒன்பது மணி வரை பக்கத்துத் தெரு கேன்சர் கதை சொல்கிற உறவினரை வாசலிலேயே வழியனுப்புவதும் உங்கள் பொறுப்பு.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து வந்து காந்தி ரோடு பக்கம் லாட்ஜில் தங்குகிறவர்கள், அறை எடுக்கும்போதே கூடுதல் தலையணையும் மேல்நாட்டுக் கழிவறையும் கேளுங்கள். ஆளுக்கு ஒரு தலையணையை வைத்து எந்தச் சரிவும் கட்ட முடியாது. இந்த வீடியோவை அவர்களுக்கு அனுப்பிவையுங்கள், லைக் போடாவிட்டால்கூடப் பரவாயில்லை.

ஒருக்களித்துப் படுப்பது எப்போது என்று எல்லோரும் கேட்பார்கள். டியூப் எடுத்து, டாக்டர் சரி என்ற பிறகு, முதலில் நல்ல பக்கம். குப்புறப் படுப்பது கடைசியில்தான்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், தையல் சிவந்து சூடாக இருந்தால், மார்போ கையோ திடீரென்று வீங்கினால், டப்பாவில் புது ரத்தம் வேகமாக நிறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்கள். மூச்சுத் திணறினாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், என் கமெண்ட் பாக்ஸில் வந்து கேட்கவும் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.