ஜெர்மனியில் எதெல்லாம் மலிவு?

நேயர்களுக்கு வணக்கம். ஸ்டுட்கார்ட்டில் சில வருடம் குடித்தனம் நடத்திவிட்டு பெங்களூருக்குத் திரும்பியவள் நான். அல்சூர் தமிழ்ச் சங்கத்தில் ஆகட்டும், எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டில் ஆகட்டும், பார்க்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "அங்கே எல்லாம் யானை விலை, குதிரை விலையாமே?"

சிலது யானை விலைதான், மறுக்கவில்லை. முடி வெட்ட, குழாய் ரிப்பேர் பார்க்க, ஜிப் மாற்ற என்று இன்னொரு ஆளின் கை பட்டுவிட்டால் பில் எகிறிவிடும்; ஜிப் மாற்றுகிற காசில் சில சமயம் புது பேண்ட்டே வாங்கிவிடலாம். போய் வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பெங்களூரில் மாதாமாதம் நாம் அழுதுகொண்டிருக்கிற சில செலவுகள் அங்கே போனதும் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும், அதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன், நம் ஊர் நிலைமை அப்படி. 2024 கோடை ஞாபகம் இருக்கும். போர்வெல் வற்றி, டேங்கர்காரர் சொன்னதுதான் விலை என்றாகி, கடைசியில் மாவட்ட நிர்வாகமே தலையிட்டு ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று விலை கட்ட வேண்டி வந்தது. அதுவும் சம்ப்பில் ஊற்றுகிற தண்ணீர்தான். குடிக்க இருபது லிட்டர் கேன் தனி, இல்லாவிட்டால் ஆர்.ஓ மெஷின், அதற்கு ஃபில்டர், அந்த ஃபில்டருக்கு சர்வீஸ். ஸ்டுட்கார்ட்டில் சமையலறைக் குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்து அப்படியே குடிக்கலாம், கழிவுநீர்க் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால்கூட லிட்டருக்கு ஒரு சென்ட் ஆகாது. அவர்களுக்கும் தண்ணீர் பக்கத்தில் இல்லை. அதில் பெரும் பங்கு கான்ஸ்டன்ஸ் ஏரியிலிருந்து குழாயில் வருகிறது, நமக்கும் காவிரி கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் தாண்டித்தான் வருகிறது. வீட்டுக் குழாய்வரை குடிநீராகவே கொண்டுவந்து விடுகிற வேலையை அங்கே ஊர் செய்கிறது, இங்கே வீட்டுக்கு வீடு நாமே செய்துகொள்கிறோம். (இவ்வளவு நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு அந்த ஊர்க்காரர்கள் கடையில் காஸ் ஏற்றிய தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாக வாங்கிக் குடிப்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.)

அடுத்தது வீட்டு அட்வான்ஸ். பத்து மாத வாடகையை வாங்கிப் பழகின ஊர் இது. இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிறார்கள், ஆனாலும் காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாதத்தைப் பிடித்துக்கொள்வது நின்றபாடில்லை. மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாதம் போதும் என்கிறது, ஆனால் அது வெறும் மாதிரிச் சட்டம் என்ற அளவிலேயே நிற்கிறது. ஜெர்மன் சிவில் சட்டத்தில் உச்சவரம்பே மூன்று மாதம்தான், அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம், வீட்டுக்காரர் அதைத் தன் பணத்தோடு கலக்காமல் வங்கியில் தனியாக வட்டிக்குப் போட்டு வைக்க வேண்டும். வாடகை அதிகம், வீடு கிடைப்பது அதைவிடப் பாடு, கிடைத்த வீட்டில் சில சமயம் அடுப்பு மேடைகூட இருக்காது, முந்தைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். அது வேறு கதை.

பள்ளிக்கூடம் பற்றிச் சொன்னால் இங்கே பெற்றோர்களுக்கு வயிறு எரியும். எல்.கே.ஜிக்கே லட்சத்தில் பேசுகிறோம், அதன்பிறகு வேன், யூனிஃபார்ம், டொனேஷன் என்று வரிசையாக நிற்கும். அங்கே அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, டாக்டர் பிள்ளையும் பஸ் டிரைவர் பிள்ளையும் பெரும்பாலும் அதே தொடக்கப் பள்ளிக்குத்தான் போகிறார்கள். பள்ளிக்கு முந்தைய கிண்டர்கார்ட்டனுக்கு ஸ்டுட்கார்ட்டில் பணம் கட்ட வேண்டும், பெர்லினில் 2018 முதல் அதுவும் கிடையாது. இதற்கெல்லாம் மேலே, பிள்ளைக்கு என்று அரசு மாதாமாதம் பணம் கொடுக்கிறது, 2025-இல் அது 255 யூரோ. கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் ஸ்டுட்கார்ட் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஏஜென்ட்டுகள் "ஜெர்மனி முழுக்க இலவசம்" என்பார்கள், நம்பிவிடாதீர்கள்.

மளிகைக்கு வருவோம். ஆல்டி, லிடில் மாதிரி கடைக்குள் ஒருமுறை போய்ப் பார்த்தால் ஏன் மலிவு என்று தானாகப் புரிந்துவிடும். தள்ளுவண்டி வேண்டுமென்றால் அதில் ஒரு நாணயத்தைச் செருக வேண்டும், வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து சங்கிலியில் மாட்டினால்தான் காசு வெளியே வரும், அதனால் வண்டிகளைப் பொறுக்க ஆள் தேவையில்லை. மாவும் பாலும் அலமாரியில் அடுக்கப்பட்டிருக்காது, வந்த அட்டைப்பெட்டியிலேயே மேல்பக்கத்தைக் கிழித்து அப்படியே வைத்திருப்பார்கள். கடையின் சொந்தப் பெயர் போட்ட பாக்கெட்டில் பார்கோடு ஒரு பக்கம் மட்டும் இருக்காது, இரண்டு மூன்று பக்கம் அச்சடித்திருக்கும், கல்லாவில் உட்கார்ந்திருக்கிற அம்மாள் பாக்கெட்டைத் திருப்பித் தேடுகிற அந்த ஒரு நொடியைக்கூட மிச்சம் பிடிக்கிறார்கள். அவர் தள்ளுகிற வேகத்துக்கு நம்மால் பையில் போட முடியாது. வண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓரமாகப் போய் நாமே அடுக்கிக்கொள்ள வேண்டியதுதான். சீஸ், வெண்ணெய், ஆலிவ் எண்ணெய், சாக்லேட் எல்லாம் நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் இருக்கிற அதே இறக்குமதிச் சரக்கைவிடக் குறைவாக இருக்கும். முருங்கைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் இந்தக் கணக்கு ஓடாது, அது விமானத்தில் வருகிற சரக்கு, விலையும் அப்படித்தான்.

பஸ், ரயிலுக்கு 2023 மே மாதம் ஒரு மாதச் சீட்டு கொண்டுவந்தார்கள், ஆரம்பத்தில் 49 யூரோ, பிறகு ஏற்றிவிட்டார்கள். நாடு முழுக்க எந்த ஊரின் பஸ், டிராம், மெட்ரோ, உள்ளூர் ரயிலிலும் அதே சீட்டில் ஏறலாம், தொலைதூர விரைவு ரயில்கள் மட்டும் சேராது. அதனால் கார் வாங்குவதையே தள்ளிப்போடலாம். மாரத்தஹள்ளி டிராஃபிக்கில் பெட்ரோலை எரித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.

சரி, இதெல்லாம் யார் வீட்டுக் காசு? நம் சம்பளத்தில் பிடிக்கிற காசுதான். கல்யாணம் ஆகாத, சராசரிச் சம்பளக்காரர் என்றால் வரியும் இன்சூரன்ஸும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கையில் வராமலே போய்விடும். வேலைக்கான கடிதத்தில் இருக்கிற தொகையை நூறால் பெருக்கி ரூபாயாக்கி சந்தோஷப்படுகிற தம்பிகளே, தங்கைகளே, பிடித்தம் போக மிச்சம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அப்புறம் பெருக்குங்கள். இந்த வானொலி நிலையத்தில் உட்கார்ந்து சொல்வதால் இன்னொன்று: அங்கே ரேடியோ, டிவிக்கு என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டணம், பெட்டி வீட்டில் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். நம் ஊரிலும் ஒரு காலத்தில் ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுத்தவர்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இப்போது என்னை ஓசியில்தான் கேட்கிறீர்கள்.

கிளம்புகிறவர்களுக்கு ஒரு சின்னப் பட்டியல் சொல்லி முடிக்கிறேன். கண்ணாடி போடுகிறவர்கள் இங்கேயே இரண்டு ஜோடி செய்துகொள்ளுங்கள். பல்லில் பாக்கி வேலை இருந்தால் முடித்துவிடுங்கள். பிளவுஸ்களைத் தைத்து, ஓரத்தில் பிரிக்கத் துணி விட்டு எடுத்துப் போங்கள். குக்கர் கேஸ்கட் உங்கள் அளவிலேயே நான்கைந்து. மிளகாய்த்தூளும் புளியும் பெட்டியை அடைக்க வேண்டாம், இலங்கைத் தமிழர் கடைகளில் கிடைக்கும், அரிசி மூட்டையும் அங்கேயே இருக்கும், முதல் வாரம் மட்டும் இங்கிருந்து கொண்டுபோன ரசப்பொடியை வைத்து ஓட்டிவிடலாம். வணக்கம்.