வலி என்று மட்டும் எழுதினால் போதாது | காசிமேட்டிலிருந்து ஒரு ஜப்பான் பேச்சு

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கிற சத்தம் காசிமேடு மீன் ஏலம். மணி காலை ஐந்தேகால். தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் விசைப்படகுகள் மறுபடி வரிசையாக வந்து நிற்கின்றன. அம்மா ஏலத்துக்குள் போயிருக்கிறார். அவர் வரும்வரை பேசுகிறேன்.

நான் ஜப்பானில், சைத்தாமாவில், ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அங்கே அதை ‘கைகோ’ என்பார்கள். லீவில் வந்ததிலிருந்து தெருவில் பார்க்கிற தங்கச்சிகள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். “அக்கா, எனக்கு இங்கிலீஷே வராது, ஜப்பான் பாஷை எப்படிக்கா படிக்கிறது?” என் பதில் இதுதான்: இங்கிலீஷ் வழியாகப் போகாதீர்கள். தமிழிலிருந்து நேரே போங்கள்.

நான் முதலில் சேர்ந்த வகுப்பில் எல்லாம் இங்கிலீஷ். மூன்று மாதம் ஒன்றும் ஏறவில்லை. அப்புறம் ஒருநாள் நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழை எழுதிப் பார்த்தேன். “கினோ தோமோதாச்சி தோ ராயபுரம் நி இகிமாஷிதா.” கினோ, நேற்று. தோமோதாச்சி தோ, தோழியோடு. ராயபுரம் நி, ராயபுரத்துக்கு. இகிமாஷிதா, போனேன். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை! வினை கடைசியில் வருகிறது, ‘ஓடு’, ‘கு’ எல்லாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுகின்றன. ‘நான்’ என்று சொல்லாமல் விட்டாலும் அவர்களுக்குப் புரிகிறது, நமக்குப் புரிகிற மாதிரியே.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘தொகுதேய் கினோ’ என்ற விசா, அதாவது குறிப்பிட்ட வேலைத்திறன் உள்ள வெளிநாட்டவருக்கான விசா, 2019 ஏப்ரலில் வந்தது. கைகோவுக்கு அதன் முதல் நிலையில் போக ஜேஎல்பிடி என்4 அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்ற பொது ஜப்பானிய மொழித் தேர்வு, பராமரிப்புத் திறன் தேர்வு, பராமரிப்பு மொழித் தேர்வு, இந்த மூன்றும் வேண்டும். இந்த நிலையில் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. பிள்ளை இருக்கிறவர்கள் இதை முதலிலேயே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

தேர்வெல்லாம் எழுதித்தான் போனேன். ஆனாலும் முதல் மாத ‘யகின்’, அதாவது நைட் டூட்டியில், ஒரு பாட்டி காலைக் காட்டி “ஹிரி ஹிரி” என்றார். எனக்கு ‘இதாய்’ மட்டும்தான் தெரியும், வலிக்கிறது என்று பொருள். கால் வலி போல என்று நினைத்து மெதுவாகத் தேய்த்துவிட்டேன். பாட்டி முகம் சுருங்கிப்போனது. காலுறையைக் கழற்றினால், அதன் விளிம்பு உரசி உரசித் தோல் உரிந்திருக்கிறது. ‘ஹிரி ஹிரி’ என்றால் தோல் மேலே எரிகிற எரிச்சல். நம் ஊரில் ‘காந்துது’ என்போமே, அதேதான். காந்துகிற இடத்தில் போய்த் தேய்த்திருக்கிறேன். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

காலையில் ‘மோஷிஓகுரி’ நடக்கும். இரவு வேலை பார்த்தவர் பகல் ஆட்களிடம் ஒவ்வொருவரின் நிலைமையையும் சொல்லி ஒப்படைப்பது. அங்கே ‘இதாய்’ என்று மட்டும் சொன்னால், எப்படிப்பட்ட வலி என்று நர்ஸ் திருப்பிக் கேட்பார். ஏனென்றால் அங்கே ஒவ்வொரு வலிக்கும் ஒரு இரட்டைச் சொல் உண்டு. ‘ஸுக்கி ஸுக்கி’ என்றால் விண்விண்ணென்று தெறிப்பது. ‘ச்சிக்கு ச்சிக்கு’ என்றால் சுருக் சுருக்கென்று குத்துவது. ‘கன் கன்’ என்றால் மண்டை பிளக்கிற தலைவலி. இங்கிலீஷில் படித்தபோது இவை எனக்கு வெறும் மனப்பாடம். தமிழ் எழுதியதும் உடம்பிலேயே பதிந்துவிட்டன. அம்மாவுக்குக் கெளுத்தி முள் குத்தினால் “விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடி” என்பார். வெட்டுப்பட்ட விரலில் உப்புத்தண்ணீர் பட்டால் “காந்துது” என்பார். சின்ன வயதிலிருந்தே கேட்ட சொற்கள்தானே!

ஒரு விஷயம், மறந்துவிடுவேன். அங்கிருந்து லீவில் வரும்போது விமான நிலையத்தில் ஒரு சீட்டு தருவார்கள். திரும்பி வருவேன் என்கிற கட்டத்தில் டிக் போட வேண்டும், ஓராண்டுக்குள் திரும்பியும் விட வேண்டும். அதைப் போடாமல் கிளம்பினால் விசாவே போய்விடும். ‘சைரியூ கார்டு’, அதாவது அங்கே தங்குவதற்கான அடையாள அட்டை, கையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, படிக்கிறவர்கள் இன்று ராத்திரி ஒன்று செய்யுங்கள். வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கேளுங்கள். குடைச்சல், இழுப்பு, மதமதப்பு என்று அவர்கள் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் அப்படியே எழுதுங்கள். பக்கத்துப் பத்தியைக் காலியாக விடுங்கள், ஜப்பானியச் சொல் கிடைக்கக் கிடைக்க நிரப்பலாம். என் நோட்டில் முதல் பக்கம் முழுக்க அம்மாவின் சொற்கள்தான்.

அதோ அம்மா வந்துவிட்டார், இரண்டு கூடை வஞ்சிரம். தூக்கிவிடணும், போய் வருகிறேன்.