நிறுத்தச் சொல்லும் சொல்

நண்பர்களே, வயதுவந்த இருவர் பேசி ஒப்புக்கொண்டு, ஒருவர் வலி கொடுக்க, மற்றவர் அதை விரும்பி ஏற்கிற உறவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சாடோமசோகிசம் என்பார்கள். முகம் சுளிக்காமல் கேளுங்கள்.

1886-ல் மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங் பாலியல் விலகல்களைப் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகு மருத்துவம் வெகுகாலம் இதை நோயாகவே பார்த்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேடு, சம்மதத்தோடு நடக்கிற, மனவேதனை தராத ஈடுபாடு நோயல்ல என்று தெளிவாகப் பிரித்தது.

சரி, நோயில்லை. அப்புறம் ஏன் ஒரு மனிதர் வலியைத் தேடிப் போகிறார்?

உளவியலாளர் ராய் பாமைஸ்டர் 1988-ல் ஒரு விடை சொன்னார்: தன்னிடமிருந்தே தப்பிக்க. யோசித்துப் பாருங்கள், நாள் முழுக்க ‘நான்’ என்கிற ஒருவரைச் சுமந்து திரிகிறோம். முடிவெடுக்க வேண்டும், பொறுப்பேற்க வேண்டும், பேரைக் காப்பாற்ற வேண்டும். வலி வந்ததும் மனம் நேற்றைக்கும் போவதில்லை, நாளைக்கும் போவதில்லை, தோலுக்கு வந்துவிடுகிறது. பல்வலியில் துடித்தவர்களுக்கு இது புரியும். கூடவே இன்னொருவர் சொல்படி நடக்கும்போது, முடிவெடுக்கும் பாரமும் கொஞ்ச நேரம் இறங்கிவிடுகிறது.

பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1943-லேயே இதைத் தொட்டார். அடுத்தவர் பார்வையில் ஒரு பொருளாகிவிட மனிதன் முயல்கிறான். ஆனால் தன்னைப் பொருளாக்கிக்கொள்கிறவனும் அவனே, அதனால் முயற்சி தோற்கிறது என்றார். எனக்கோ அந்தத் தோல்விதான் இதில் மிக அருமையானதாகப் படுகிறது, ஏனென்றால் ‘நான்’ முழுசாகத் தொலைந்துவிடுவதில்லை. இருவரும் முன்பே ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்கிறார்கள். அதைச் சொன்ன கணமே எல்லாம் நிற்க வேண்டும். சித்திரவதைக்கு ஆளானவரிடம் அப்படி ஒரு சொல் கிடையாது. அவருடைய ‘நான்’ பிடுங்கப்படுகிறது. இங்கே வலியை ஏற்பவர் தன் ‘நானை’ நம்பி ஒப்படைக்கிறார், கேட்டால் திரும்பக் கிடைக்கும். வலி கொடுப்பவருக்கும் தன்னை மறக்க வழியில்லை. எதிரே இருப்பவரின் மூச்சை, முகத்தை, மௌனத்தை நொடிக்கு நொடி கவனித்தாக வேண்டும்.

ஆலோசகர்களாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒருவர் கூச்சத்தோடு இதைச் சொன்னால், சின்ன வயதில் என்ன நடந்தது என்று உடனே தோண்டாதீர்கள். அந்தச் சொல்லை எப்போதாவது சொன்னீர்களா, சொன்னதும் நின்றதா என்று கேளுங்கள். நிற்கவில்லை என்றால் அது வன்முறை; அவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.