பத்து கிலோ குறைஞ்சப்புறம்தான் படம் எடுத்துக்கணுமா?

பட்டர்வொர்த்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க, "கல்யாணத்துக்கு அப்புறம் நான் தனியா ஒரு படம் கூட எடுத்துக்கல, பத்து கிலோ குறைச்சுட்டு ஸ்டூடியோ போலாம்னு மூணு வருஷமா தள்ளிப்போட்டுட்டே வர்றேன், எனக்கு மட்டும்தான் இப்படியா?"ன்னு.

இல்லக்கா, பினாங்குல நான் ஸ்டூடியோ வச்சிருக்கேன், வர்ற பொம்பளைங்க முக்கால்வாசி பேர் வாயில இதேதான். உடம்பு குறையட்டும், பல்லு சரி பண்ணிக்கிறேன், இல்லன்னா புள்ளைக்கு பரீட்சை முடியட்டும். வீட்டுல தீவாளி படம், பொறந்தநாள் படம் எல்லாத்துலயும் ஹேண்ட்போனை புடிச்சு எடுக்கறது அம்மாதான், அதனால எந்த படத்துலயும் அவங்க இருக்க மாட்டாங்க. புள்ளைங்களுக்குன்னா யோசிக்காம காசு கொடுப்பாங்க, தனக்குன்னு வந்தா "எனக்கு எதுக்கு"ம்பாங்க.

அப்புறம் செல்பி. அதை பார்த்துட்டு என் மூஞ்சி இப்படித்தான்னு முடிவு பண்ணிடுறாங்க. தப்புக்கா அது. கேமராவுக்கு எது கிட்ட இருக்கோ அது பெருசா தெரியும், மூக்கு முன்னாடி இருக்கு, காது பின்னாடி இருக்கு, அவ்ளோதான் விஷயம். 2018ல அமெரிக்காவுல டாக்டருங்க கணக்கு போட்டு பார்த்தாங்க, 12 இன்ச் தூரத்துல செல்பி எடுத்தா மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமா தெரியுதாம். நான் தள்ளி நின்னாலும் மூஞ்சியை கிட்ட காட்டுற 85 எம்எம் லென்ஸ் போட்டு ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு எடுப்பேன், எதிர்ல உக்காந்து பேசறவங்க உங்களை பார்க்கிற தூரம் கிட்டத்தட்ட அதுதான்.

நிறம் பத்தியும் சொல்லணும், இதை யாரும் வாய்விட்டு கேட்க மாட்டாங்க. சின்னதுல இருந்தே "வெயில்ல நிக்காத, கருத்துடுவ"ன்னு கேட்டு வளர்ந்திருக்கோம், இப்ப பில்டர் வேற தானா வெளுப்பாக்கிடுது, அப்புறம் சொந்த நிறத்துல ஒரு படத்தை பார்த்தா இது நானான்னு பயம் வருது. நான் வெளுப்பாக்கி கொடுக்க மாட்டேன், வெளிச்சத்தை சைடுல இருந்து மெதுவா விட்டா நம்ம தோலு தானா மின்னும், அதை பார்த்துட்டு கண்ணு கலங்கினவங்க இருக்காங்க.

ஒரு தங்கச்சி, அம்மா தவறிட்டாங்க, பதினாறாம் நாளுக்கு படம் வேணும்னு வந்துச்சு. அம்மாவுக்கு தனி படமே இல்ல, ஐசியில, அதான் அடையாள கார்டுல இருக்கிற படம் ஒண்ணு, யாரோ கல்யாணத்துல கூட்டமா நின்னது ஒண்ணு. அந்த கூட்டத்துல இருந்து வெட்டி எடுத்தேன், தோள்ல வேற யாரோட கையோ இருந்துச்சு, அதை அழிக்கவே ராத்திரி ஆயிடுச்சு, அப்படியும் கண்ணு எங்கேயோ பார்த்துட்டு இருக்கு. "அம்மா மாதிரியே இல்லக்கா"ன்னு அந்த புள்ள அழுதுச்சு, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

அதனால பத்து கிலோ அப்படியே இருக்கட்டும்க்கா, வாங்க. புது சேலை வேணாம், அடிக்கடி எடுத்துக் கட்டுவீங்க இல்ல, அந்த சேலை. தீவாளி வாரம் கூட்டமா இருக்கும், சாதாரண நாள்ல காலையில வாங்க, புள்ளைங்களை முதல் அரை மணி நேரம் யார்கிட்டயாவது விட்டுட்டு வாங்க, பக்கத்துல இருந்தா உங்க கண்ணு அவங்க மேலதான் போகும். பசியாறிட்டு வரணும், வெறும் வயித்தோட வந்தா அது மூஞ்சியில தெரிஞ்சிடும்.