நார்த்தாமலைக்கு மிதிவண்டியில் போனோம்

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, பதினொன்றாம் வகுப்பு மாணவியரைத் திரளாக அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, பந்தலுக்கும் குடிதண்ணீருக்கும் பொறுப்பேற்ற ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி, கல்வெட்டில் மசி ஒற்றிப் படியெடுக்கும் முறையைக் கண்ணெதிரே காட்டிய பெரியவர் அவர்களே, ஒலிபெருக்கியைக் காலையிலிருந்து காத்து நிற்கும் தம்பிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். நண்பர்கள் ஐவர், ஆளுக்கொரு மிதிவண்டியில், புதுக்கோட்டையிலிருந்து கொடும்பாளூர் வரை இரண்டு நாட்கள் ஊர்ந்தோம். அந்தப் பயணத்தை முன்வைத்து மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். மிதிவண்டியில் ஏன் போக வேண்டும் என்பது ஒன்று. இடிபாடுகளை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது இரண்டு. அவற்றைக் காக்கும் சட்டம் என்ன சொல்கிறது என்பது மூன்று.

திருச்சி சாலையில் காரில் போகிறவர்களுக்கு நார்த்தாமலை கண்ணாடிக்கு வெளியே கடந்து போகும் ஒரு பாறைக் கூட்டம். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புதுக்கோட்டையை விட்டுப் புறப்பட்ட எங்களுக்கு, அந்த 17 கிலோமீட்டரில் மலை சிறிது சிறிதாக எழுந்து வந்தது. வெயில் ஏறுவதற்குள் மேலமலைச் சரிவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். மேலே விசயாலய சோழீச்சுரம் மேற்கு நோக்கி நிற்கிறது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் இருந்த சிறு கோயில்களில் சில நிற்கின்றன, சில அழிந்துவிட்டன. அங்குள்ள கல்வெட்டு சொல்லும் செய்தியை மாணவியர் குறித்துக்கொள்ள வேண்டும்: சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி, அதாவது கற்கோயில், மழையால் இடிந்து அழிய, மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுக்கினான். கட்டியவன் பெயரோடு பழுது பார்த்தவன் பெயரையும் கல்லில் வெட்டி வைத்த நாடு இது.

பழுது பார்ப்பது என்றதும், அன்று நடந்ததைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. நார்த்தாமலையிலிருந்து அன்னவாசலை நோக்கிப் போகும் வழியில் நண்பர் ஒருவருடைய பின்சக்கரம் காற்றிறங்கியது. இறக்கி, ஒட்டி, காற்றடித்துக் கிளம்பினோம். ஒரு பர்லாங்கு போவதற்குள் மீண்டும் இறங்கியது. மீண்டும் ஒட்டினோம், மீண்டும் இறங்கியது. உச்சி வெயில், கையிலிருந்த ஒட்டுத் துண்டுகள் தீர்ந்துவிட்டன. அப்போது எதிரே பார் வைத்த பெரிய வண்டியில், கேரியரில் புல்லுக்கட்டோடு, அறுபதை நெருங்கும் ஓர் அம்மா வந்து இறங்கினார். “தள்ளிக்கிட்டு வீட்டுக்கு வாங்க தம்பி” என்றார். முற்றத்தில் அன்னக்கூடையில் தண்ணீர் பிடித்து டியூபை முக்கினார். குமிழ் வந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, டயரின் உட்புறத்தை மற்றக் கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. நகக்கண்ணில் பிடித்து இழுத்தார். அரை அங்குலம் இருக்கும், சீமைக்கருவேல முள். “டியூப ஒட்டிட்டு முள்ள உள்ளயே விட்டுட்டா நாலு அடி போகாதுப்பா” என்றார். படித்தவர்கள் ஐந்து பேரும் தலைகுனிந்து நின்றோம்.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். கல்லுடைக்கப் போன காலத்தில், அறிவொளியில், என்றார். இந்தப் பந்தலில் இருக்கும் இளையோருக்கு அறிவொளி இயக்கம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு நகருக்குள் வந்தார்கள். பெண்களுக்கான வண்டியை விட்டுவிட்டுப் பார் வைத்த வண்டியை ஏன் விரும்பினீர்கள் என்றதற்கு, “முன்னால பிள்ளைய உட்கார வைக்கலாம்ல” என்றார் அந்த அம்மா. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

பிற்பகல் அவரும், பள்ளியில் வாங்கிய அரசு மிதிவண்டியில் அவருடைய பேத்தியும் எங்களோடு சித்தன்னவாசலுக்கு வந்தார்கள். அங்கே சமணத் துறவியர் தங்கிய மலைக்குகையான ஏழடிப்பட்டத்துக்கு இருவரும் ஏறியது அதுதான் முதல் தடவை. உள்ளே வழவழப்பான 17 கற்படுக்கைகள். கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று, கூட்டல் குறி போல் தெரிவதுதான் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் ‘க’ என்று சொன்னேன். எருமை நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காகச் செய்த இருக்கை என்பது அங்குள்ள எழுத்தின் பொருள். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. அந்தப் பெண் தன் உள்ளங்கையில் விரலால் அதை எழுதிப் பார்த்தாள். பிறகு, பாறையில் யாரோ ஆணியால் கீறிவிட்டுப் போன காதலர் பெயர்களைக் காட்டி, “இதையும் ரெண்டாயிரம் வருசம் கழிச்சுப் படிப்பாங்களா சார்?” என்று கேட்டாள். கல் தேய்வதற்கு எறும்பே போதும், ஆணி எதற்கு? கீழே அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரையைப் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் புதுக்கியவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். ஆசிரியர் ஒருவர் அந்தப் பணியை எடுத்துச் செய்தார் என்பதைத் தலைமையாசிரியை அம்மையார் முன்னிலையில் சொல்வதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

ஆகவே நான் கேட்பது இதுதான். அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி பிள்ளைகளின் கைக்கு வரும் வாரத்திலேயே, ஆசிரியர் துணையோடு, அருகிலுள்ள தொல்லிடத்துக்கு அந்த வண்டிகள் ஒருமுறை போய்வர வேண்டும். பேருந்து வாடகை வேண்டாம். பெற்றோரிடம் பணம் திரட்ட வேண்டாம். அங்கே வண்டி நிறுத்த நிழலும் குடிக்கத் தண்ணீரும் இருந்தால் போதும். ஒருமுறை படுக்கையின் எழுத்தை வாசித்த பிள்ளை அதன்மேல் தன் பெயரைக் கீறாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதற்காக மூன்று முறை மனு கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. நான்காவது மனு சட்டைப் பையில் இருக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார். குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும், கொடும்பாளூரில் பூதி விக்கிரமகேசரி எடுத்த மூன்று கோயில்களில் இரண்டு நிற்க, மூன்றாவது அடித்தளமாக மட்டும் கிடப்பதையும் விரித்துச் சொல்ல நேரமில்லை. சட்டத்தைப் பற்றி ஒரே வாக்கியம்: பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி.

வரும் சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு இந்த நூலக வாசலிலிருந்து நார்த்தாமலைக்குப் புறப்படுகிறோம். மனுவில் கையெழுத்திட விரும்புவோர் இப்போதே மேடையருகே வரலாம். தண்ணீர்ப் பாட்டிலும் ஒட்டுத் துண்டுகளும் அவரவர் கொண்டுவர வேண்டும். அந்த அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நன்றி, வணக்கம்.