ஏட்டுச் சுரைக்காயும் மேற்கோள் கணக்கும்

(கும்பகோணத்தில் ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மருத்துவக் கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா அவர்களே, வேறு இரண்டு விழாக்களைத் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, நாற்காலிக்கும் ஒலிபெருக்கிக்கும் பொறுப்பேற்ற அரிசி ஆலை ஐயா அவர்களே, நூலகர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை வேண்டாம், புத்தகம் போதும் என்றேன். இரண்டும் தந்துவிட்டார்கள்.

ஒரு மருத்துவ ஆய்வாளரின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது? மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன்: ஒரு கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை எடுத்துக் குறிப்பிடுகிறார்கள் என்ற மேற்கோள் எண்ணிக்கை, எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற மருத்துவ ஆய்வாளர், போலி ஆய்விதழ்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். மேற்கோள் கணக்கும் அப்படித்தான். 1951இல் அமெரிக்காவின் ஆலிவர் லோரி, புரதத்தின் அளவைக் கண்டறியும் ஒரு முறையை எழுதினார். உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை அதுதான். 2014 கணக்கின்படியே மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. அது அப்படியொன்றும் பெரிய கட்டுரை அல்ல என்று லோரியே பிற்பாடு எழுதினார். ஆய்வுக்கூடத்தில் தினமும் தேவைப்படும் செய்முறை. பயன்படுத்தியவர்களெல்லாம் அவர் பெயரைக் குறித்தார்கள், அவ்வளவுதான். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச் குறியீடு என்று ஒன்றைக் கொண்டுவந்தார். இருபது கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இருபது மேற்கோள் என்றால் உங்கள் மதிப்பு இருபது. பெண் பார்க்கப் போகும் வீட்டில் மட்டும்தான் இதை இன்னும் கேட்கவில்லை!

இனி சுப்பாராவ். பீமவரத்தில் 1895இல் பிறந்தவர். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு, அறுவை சிகிச்சை அங்கியையே கதரில் தைத்துப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனார். சும்மா இருப்பாரா வெள்ளைக்காரப் பேராசிரியர் பிராட்ஃபீல்ட்? முகம் சிவந்தது. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான். (கைதட்டல்.) கை தட்டுவது கதருக்கா, பிராட்ஃபீல்டுக்கா? அரசு மருத்துவப் பணியும் கிடைக்காமல், சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு நடத்தினார். 1922இல் கப்பலேறி பாஸ்டன் போனார். அங்கே மருத்துவமனையில் இரவுநேரக் கடைநிலை வேலை, பகலில் படிப்பு. பிறகு ஹார்வர்டில், ஓட்டோ ஃபோலின் தலைமை வகித்த துறையில் இடம் கிடைத்தது. லோரியின் செய்முறையில் வருகிற ஃபோலின் கரைசல் அவர் பெயரைக் கொண்டதுதான்.

1925இல் அந்தத் துறையைச் சேர்ந்த ஃபிஸ்கேயும் சுப்பாராவும் பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அது. 1929இல், உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற பொருளைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஆனால் சுப்பாராவ் பிரித்தெடுத்த வேறு சில பொருள்கள் வெளியே வராமல் கிடந்து, பிற்காலத்தில் மற்றவர்களால் மறுபடி கண்டறியப்பட்டன. வெளிவராத கட்டுரைக்கு ஏது மேற்கோள்? 1940இல் லெடர்லே என்ற மருந்து நிறுவனத்துக்குப் போனார். ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை நடத்தியவர் அவர். அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குக் கொடுத்த அமினாப்டெரின் மருந்து, அவருடைய ஆய்வுக்கூடத்துச் சரக்கு. யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வீடுவீடாக வந்து தந்த டி.இ.சி. மாத்திரையும் அவர் குழுவினுடையது. 1947இல் வந்த அதன் கட்டுரையில் அவர் பெயர் கடைசியில் நிற்கிறது. அடுத்த ஆண்டே காலமானார்.

யானைக்காலுக்குப் பெயர்போன ஊர் இது. அந்த மாத்திரையை விழுங்கிய எத்தனை பேருக்கு, அது எதற்கு என்று தமிழில் எழுதிக் கொடுத்தோம்? இன்று மருத்துவக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் அப்படி எழுதினால் பதவி உயர்வில் அது கணக்கில் வராது. குறிப்பிட்ட பட்டியல்களில் உள்ள ஆய்விதழில் எழுதினால்தான் வரும். படிப்பவர் பத்துப் பேர் என்றாலும் வரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று இதைத்தான் சொல்கிறேன். மருத்துவ ஆசிரியர்கள் மக்களுக்காகத் தமிழில் எழுதுவதையும் தகுதியாகச் சேர்க்க வேண்டும். இதை நான் எந்த மேடையில் ஏறினாலும் சொல்கிறேன் என்று தலைவர் சிரிக்கிறார். சேர்க்கும் வரை சொல்வேன்.

போலி ஆய்விதழ்களைப் பற்றியும் பேச இருந்தேன். தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். தமிழில் எழுதுவதையும் தகுதியாகச் சேர்க்கச் சொல்லிச் சுகாதாரத் துறைக்கு அனுப்பும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகும் வழியில் கையெழுத்திடுங்கள். முதல் கையெழுத்தை மருத்துவக் கல்லூரி முன்னாள் முதல்வர் ஐயா போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பேனா நூலகரிடம் இருக்கிறது. நன்றி, வணக்கம்.