மிளகின் வயிறும் என் அவசரமும்

வணக்கம். இன்று மெதுவாகத்தான் பேசுவேன். மடியில் மிளகு தூங்குகிறான். எட்டு வார நாய்க்குட்டியாக வீட்டுக்கு வந்தவன், வந்து இன்றோடு 9 நாள். அதில் பாதி நாள் இவனுடைய மலத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பவர்கள் தட்டைக் கழுவிவிட்டு வாருங்கள்.

இரண்டாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு முனகல். விளக்கைப் போட்டேன். தரையில் மூன்று இடங்களில் தண்ணீராகக் கழிந்திருந்தான், ஓரத்தில் சளி போன்ற வழுவழுப்பு. எனக்குக் கை நடுங்கியது. அவனோ வாலை ஆட்டியபடி என் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

குற்றவாளி யார் என்றால், நான்தான். அவன் தின்று பழகிய உணவை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அதை ஒதுக்கிவிட்டு, இதைவிட நல்லது என்று புதிய உணவைக் கிண்ணம் நிறைய வைத்தேன். போதாததற்குப் பசும்பால் வேறு. நாய்ப்பாலைவிடப் பசும்பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை அதிகம். செரிக்காமல் மிஞ்சுவது குடலுக்குள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தாயைப் பிரிந்து வந்த கலக்கமே வயிற்றைக் கலக்கப் போதும், அதன்மேல் இத்தனை. உணவை மாற்றுவதென்றால் பழையதில் கால் பங்கு புதியதைக் கலந்து தொடங்கி, 7 முதல் 10 நாளில் முழுவதும் மாற்ற வேண்டும்.

ஆனால் எல்லாப் பழியையும் உணவின்மேல் போட்டுவிடாதீர்கள். கழிச்சலை மட்டும் பார்க்காமல் குட்டியையும் பாருங்கள். அன்று இரவு நான் மிளகின் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தினேன். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பாகிவிட்டது, ஈறும் ஈரமாக இருந்தது. ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது, உடலில் நீர் வற்றவில்லை, விடியும்வரை காத்திருக்கலாம் என்று அந்த ஈறுதான் சொன்னது. குட்டி திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், உணவைத் தொடாமல் சுருண்டு கிடந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், காத்திருக்காதீர்கள். அது நாய்க்குட்டிகளின் குடலைக் கடுமையாகத் தாக்கும் பார்வோ வைரஸாக இருக்கலாம். தொற்றிய பிறகு அறிகுறி தெரியச் சில நாட்கள் ஆகும் என்பதால், நலமாக வந்த குட்டிகூட முதல் வாரத்திலேயே படுத்துவிடலாம். நமக்கு வாங்கிய, பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகவே கொடுக்காதீர்கள். வயிறு காயட்டும் என்று பட்டினியும் போடாதீர்கள். சிறு குட்டிக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

காலையில் ஒரு மூடி போட்ட டப்பாவில் புதிய மலத்தை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன். நுண்ணோக்கியில் உருண்டைப்புழு முட்டைகள் தெரிந்தன. பிறப்பதற்கு முன்பே தாயின் கருப்பையில் தொற்றியிருக்கக்கூடும் என்றார். உருண்டையான அந்தத் தொப்பையைக் கொழுகொழு வயிறு என்று கொஞ்சித் தீர்த்தேனே, அது புழு வயிறு! எடை போட்டு, அதற்கேற்ற அளவில் மருந்து கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும். இந்தப் புழு மனிதர்களுக்கும் தொற்றும் என்பதால் மலத்தைச் சுத்தம் செய்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம்.

மறுநாள் மலத்தில் சேமியா போல வெள்ளையாக இரண்டு புழுக்கள் வந்தன. மருந்து வேலை செய்கிறது, பதற வேண்டாம் என்றார் மருத்துவர். பழைய உணவையே கொஞ்சம் கொஞ்சமாக நான்கு வேளை கொடுத்தேன். ஆறாம் நாள் காலை, கையில் எடுத்தால் உடையாத கெட்டியான மலம். ஆனந்தத்தில் அதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அவள் இன்னும் பதில் அனுப்பவில்லை.